இதய அறுவைக்குப் பின் அப்பா எங்களை விட்டு விலகியிருந்த நான்கு நாட்கள்

அப்பாவுக்குப் பைபாஸ் அறுவை செய்வது என்று முடிவானபோது, எத்தனை யூனிட் இரத்தம் தேவைப்படும், இரத்தக்குழாய் எடுக்கும் கால் பிறகு பழையபடி நடக்குமா, காப்பீட்டு அட்டை செல்லுமா, அறுத்த மார்பெலும்பு கூடுவதற்கு எத்தனை வாரம் ஆகும் என்றெல்லாம் விசாரித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டோம். அறுவை முடிந்த மறுநாள் இரவிலிருந்து அவர் எங்களை அடையாளம் காணாமல் போகக்கூடும் என்பதை மட்டும் நாங்களும் கேட்கவில்லை, மருத்துவமனையில் ஒருவரும் சொல்லவும் இல்லை. பின்னொரு நாள், நாங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் தாள்களின் நகலை எடுத்துப் பார்த்தேன். பக்கவிளைவுகளின் நெடிய வரிசையில், ஆங்கிலத்தில், 'டெலிரியம்' என்ற ஒரே ஒரு சொல்லாக அது இருந்தது. பள்ளியில் பாடம் நடத்தும் எனக்கே அந்தச் சொல்லின் பொருள் திடீரெனப் புத்தி தடுமாறும் குழப்பம் என்று அப்போது தெரியாது. வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி அருகில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அப்பாவுக்கு அப்போது 71 வயது. கேரளத்தில் வண்டிப்பெரியாற்றை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், செடிகளை வெட்டிச் சீராக்கும் கவாத்து வேலை செய்தவர். பீர்மேடு வட்டாரத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டிப் பல தோட்டங்கள் மூடப்பட்டன. எங்கள் தோட்டமும் அவற்றுள் ஒன்று. தாத்தா காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்த குடும்பம் ஆகையால், வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பாவின் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்குமே தவிர, அவருக்குப் புரியாத மலையாளம் என்று ஒன்று இருந்ததில்லை. இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம் உண்டு. குழப்பம் வந்தபோது அவர் முதலில் இழந்தது அந்த மலையாளத்தைத்தான்.

கோட்டயம்-குமுளி சாலையான கே.கே. ரோட்டில் குட்டிக்கானம் இறங்கி, முண்டக்கயம், காஞ்ஞிரப்பள்ளி வழியாகக் கோட்டயத்துக்குப் போனோம். திங்கட்கிழமை அறுவை நடந்தது. இதய-நுரையீரல் இயந்திரத்தில் வைத்து மூன்று இடங்களில் மாற்றுப்பாதை போட்டார்கள். செவ்வாய் காலையில் மூச்சுக்குழாயை எடுத்துவிட்டார்கள். அன்று பிற்பகல் பத்து நிமிடம் உள்ளே விட்டபோது, "டீ குடிச்சேன் தாயி, கழனித்தண்ணி மாதிரி இருந்துச்சு" என்றார். தேயிலைத் தோட்டக்காரர் வாயிலிருந்து அந்தக் குறை வந்ததில் எங்களுக்கு ஒரே சிரிப்பு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணன் அன்றிரவே திருப்பூருக்குப் பேருந்து ஏறினான். அறுவை முடிந்தவுடன் தெளிவாகப் பேசிய ஒருவர் ஒரு நாள் கழித்துக் குழம்புவது இந்தக் கோளாறின் வழக்கமான போக்கு. பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் தலைகாட்டுகிறது. முதல் நாள் தெளிவை நம்பிக் காவலைத் தளர்த்திவிடக் கூடாது என்பதை அண்ணன் பாதி வழியில் திரும்பி வந்ததிலிருந்து கற்றுக்கொண்டோம்.

புதன் விடியற்காலையில் கீழே வராந்தாவில் படுத்திருந்த என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். அப்பாவின் இரண்டு மணிக்கட்டுகளும் பஞ்சு வைத்த துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. கழுத்தில் செருகியிருந்த குழாயை இரவில் பாதி இழுத்துவிட்டாராம். என்னைப் பார்த்து, "கணக்குப்பிள்ளை அனுப்பிச்சாரா?" என்று கேட்டார். பிறகு என் தோளுக்குப் பின்னால் எதையோ உற்றுப் பார்த்து, "சங்கு ஊதிருச்சு, பெரட்டுக்கு நேரமாச்சு, அவுத்துவிடு" என்று அதட்டினார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் பேர் எடுப்பது. அந்த ஆலைச் சங்கு ஊதி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பக்கத்துப் படுக்கையின் மானிட்டர் கத்திக்கொண்டிருந்தது.

அவருடைய விரல்களை மட்டும் இங்கே கொஞ்சம் விவரிக்க வேண்டும். கட்டுக்குள் இருந்த வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வை நூலைத் தேடிப் பிடித்து, நுனியைக் கிள்ளி, உள்ளங்கைக்குள் சேர்த்து, மீண்டும் தேடின. நிறைந்ததும் கையை விரித்து எதிலோ கொட்டுவதுபோல் உதறினார். கூடைக்குள் கொழுந்து போடுகிற அசைவு அது. சிறுவனாக இருந்தபோது பாட்டியோடு நிரையில் நின்று கொழுந்தெடுத்தவர். குழப்பத்தில் இருக்கும் நோயாளிகள் போர்வையையும் ஆடையையும் இப்படிக் கிள்ளிக்கொண்டே இருப்பது மருத்துவர்களுக்குப் பழக்கமான அறிகுறிதான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அந்த நேரத்தில் அது அறிகுறியாகத் தெரியவில்லை.

ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். இரவுப் பணியில் இருந்த நர்சு, அப்பா "கத்தி எங்க, கத்தி கொடு" என்று திரும்பத் திரும்பக் கேட்டதாகவும், யாரையோ வெட்டப் போவதாக நினைத்துப் பயந்துவிட்டதாகவும் சொன்னார். அவர் கேட்டது கவாத்துக் கத்தி. முப்பது ஆண்டுகள் தினமும் காலையில் தீட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு போன கருவி. மறுபக்கத்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. வாய் உலர்ந்து கிடந்தவரிடம் அந்த நர்சு அன்போடு, "அப்பச்சா, வெள்ளம் வேணோ?" என்று கேட்டிருக்கிறார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். இதை அப்பா தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான முறை கேட்டிருப்பார். ஆனால் அன்றிரவு அவர் காதில் தமிழ் வெள்ளம்தான் விழுந்தது. 2018 ஆகஸ்டில் முல்லைப் பெரியாறு அணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது வண்டிப்பெரியாற்றில் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் கண்டவர் அவர். "வெள்ளம் வருது, ஆடு மாட்டை அவுத்து விடுங்க" என்று எழ முயன்றபோதுதான் கழுத்துக் குழாய் கையில் சிக்கியது. மார்பெலும்பைக் கம்பியால் தைத்து இரண்டு நாள்கூட ஆகாத மனிதர் அவர்.

அன்று காலை ஊரிலிருந்து அத்தை தொலைபேசியில், காற்றுக் கருப்பு ஏதோ அண்டிவிட்டது, மந்திரித்த கயிறு அனுப்புகிறேன் என்றார். பக்கத்து நோயாளியின் உறவினர் ஒருவர், மூளைக்கு இரத்தம் போகாமல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அம்மா மட்டும், "ஜன்னி கண்டிருச்சு" என்றாள். யோசித்துப் பார்த்தால், அங்கிருந்தவர்களில் சரியாகச் சொன்னவள் அவள்தான். கடுங்காய்ச்சலில் பிதற்றுவதை நம் ஊரில் ஜன்னி என்போம். காய்ச்சல் இறங்கினால் பிதற்றலும் இறங்கும். டெலிரியம் என்று மருத்துவர்கள் சொல்வது அதே இனத்தைச் சேர்ந்தது. உடம்பில் எங்கோ கோளாறு. மூளை அதைத் தாங்க முடியாமல் தடுமாறுகிறது. மெல்ல மெல்ல ஆண்டுக்கணக்கில் வரும் மறதி நோய் வேறு, சில மணி நேரத்தில் திடீரென்று வந்து, காலையில் தெளிந்து, பொழுது சாய்ந்ததும் முற்றுகிற இது வேறு.

உடம்பில் எங்கோ கோளாறு என்பதை மயக்க மருத்துவர்தான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். இதய அறுவைக்குப் பின் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது வருவதாகவும், வயதானவர்களிடம் இன்னும் அதிகம் என்றும் அவர் சொன்னபோது, இவ்வளவு சாதாரணமாக வருகிற ஒன்றை ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கோபம்தான் எனக்கு முதலில் வந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். அவர் மறுக்கவில்லை. பிறகு அப்பாவின் தாளைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். இரத்தத்தில் சோடியம் 135-க்குக் குறையக் கூடாது, அப்பாவுக்கு 126 இருந்தது. நான்கு நாளாக மலம் கழியவில்லை. இரண்டு இரவுகளாகத் தூக்கம் இல்லை, தூங்குவதற்கென்று போட்ட ஊசியே சில வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டிவிடும். வலி மருந்துகளுக்கும் அதில் பங்குண்டு. சளி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, ஆக்சிஜன் குறைவு ஆகியவற்றையும் பார்த்தார்கள், அவை இல்லை. தூக்க ஊசியை நிறுத்தினார்கள், சோடியத்தை மெதுவாக ஏற்றினார்கள், மலமிளக்கி கொடுத்தார்கள். மிகவும் முரண்டு பிடித்த இரண்டு இரவுகளில் மட்டும் ஹாலோபெரிடால் சிறிய அளவில் போட்டார்கள். இந்த மருந்து ஆளை அடக்கும், குழப்பத்தைத் தீர்க்காது. காரணத்தைத் தேடிக் களைவதுதான் வைத்தியம் என்று அவர் சொன்னதை நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் என் தவறையும் சொல்லிவிட வேண்டும். அறுவைக்கு முன் அதே மருத்துவர், குடி, பீடி, புகையிலை உண்டா என்று கேட்டபோது, "ஒன்றும் இல்லை" என்று நான்தான் பதில் சொன்னேன். பீடியை அவர் எப்போதோ விட்டுவிட்டார். வெற்றிலையோடு போடும் புகையிலையைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை; டீச்சர் வீட்டு அப்பா புகையிலை போடுகிறவர் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமும் இருந்தது. நாளுக்கு ஏழெட்டு முறை போட்டவருக்கு ஒரேயடியாக நின்றுபோனால் உடம்பு படபடக்காதா? குடியை மறைப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. தினமும் குடிப்பவருக்குத் திடீரென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கமும் வலிப்பும் குழப்பமும் வரலாம். அந்தக் குழப்பத்துக்கான மருந்தே வேறு. மற்றவர்களுக்குத் தவிர்க்கும் ஊசியை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே, எவ்வளவு, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது என்பதைத் தனியே கூப்பிட்டாவது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மூக்குக்கண்ணாடியும் பல் செட்டும் எங்கள் கைப்பையில் இருந்தன. அறுவைக்கு முன் கழற்றிக் கொடுத்தவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்கு எதிரில் இருப்பவர் வெறும் நீலச் சட்டை. இடது காதும் மந்தம். நர்சுகள் நின்று பேசியதோ இடது பக்கம். சன்னல் இல்லாத அறை, இருபத்து நான்கு மணி நேரமும் எரியும் விளக்கு, முகக்கவசம் போட்ட முகங்கள், புரியாமல் போன ஒரு மொழி. இத்தனைக்கும் நடுவில் எந்த மனிதருக்கும் புத்தி நிலைகொள்ளாது. புதன் மதியம் கண்ணாடியை மாட்டிவிட்டு, வலது காதருகே நின்று, "அப்பா, நான் பாப்பா வந்திருக்கேன். இது கோட்டயம் ஆஸ்பத்திரி. நெஞ்சு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. இன்னைக்குப் புதன்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி. அம்மா கீழ இருக்காங்க" என்றேன். கேட்டுக்கொண்டார். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பெரட்டுக்குக் கிளம்பினார். நானும் அதே ஐந்து வரிகளை அதே குரலில் மீண்டும் சொன்னேன். அந்த நான்கு நாட்களில் எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை.

அவரோடு வாதாடியது வீண் என்பதை முதல் நாளே அறிந்துகொண்டேன். "சங்கெல்லாம் ஊதலப்பா, தோட்டத்தை மூடி எவ்வளவு வருஷமாச்சு" என்று சொன்னபோது அவர் கொதித்துப் போனார். நான் கம்பெனிக்காரர்களோடு சேர்ந்துகொண்டு பொய் சொல்வதாகத் திட்டினார். ஆமாம் போடுவதும் சரியில்லை; வெள்ளம் வருகிறது என்று நானும் சொன்னால் அவருடைய பயம் இரட்டிக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருந்தது. "ஆடு மாடெல்லாம் பத்திரமா இருக்கு, நான் பார்த்துட்டுத்தான் வந்தேன்" என்றால் தோள் தளர்ந்து சாய்ந்துகொள்வார். சொல்லுக்குள் இருக்கும் பயத்துக்குப் பதில் சொன்னால் போதும்.

வியாழக்கிழமை தலைமை நர்சு ஒரு சோதனை செய்து காட்டினார். ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்வார்கள்; 'ஏ' வரும்போது மட்டும் நோயாளி கையை அழுத்த வேண்டும். கவனம் நிற்கிறதா என்று அதில் தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு ஆங்கில எழுத்து எங்கே தெரியும்? எல்லாவற்றுக்கும் அழுத்தினார், அல்லது எதற்கும் அழுத்தவில்லை. தமிழில் சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டேன், சம்மதித்தார். 'அ' வரும்போது அழுத்துமாறு சொன்னதில் நான்கில் இரண்டு சரியாக வந்தன. அடுத்து, கல் தண்ணீரில் மிதக்குமா என்று கேட்க வேண்டும், நான் மொழிபெயர்த்தேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "சேது அணைக் கல்லு மிதந்துச்சே" என்றார். நர்சுக்கு இதைச் சரி என்று குறிப்பதா தவறு என்று குறிப்பதா என்று தெரியவில்லை. எனக்கோ அப்பா திரும்பிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அதுதான் முதல் தடயம்.

அன்று மாலை ஒரு தாளில் மலையாளத்தில் எழுதிப் படுக்கையின் தலைமாட்டில் ஒட்டினேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க 'தண்ணி' என்று சொல்லவும். 'வலிக்குது' என்றால் இழுப்பதாகப் பொருள் இல்லை, வேதனை. 'கவாத்துக் கத்தி' என்று கேட்டால் அது தேயிலைச் செடி வெட்டும் கருவி, பயப்பட வேண்டாம். வலது காதில் பேசவும். இதைப் பார்த்த நர்சுகள் சிரித்தார்கள். ஆனால் மூன்று ஷிப்டும் அதைப் படித்தார்கள். கட்டை அவிழ்த்து வைப்பதானால் வீட்டார் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்றார்கள், நானும் அண்ணனும் முறை வைத்து இருந்தோம். பத்து நிமிடப் பார்வை நேரம் என்ற விதியை எங்களுக்காகத் தளர்த்தியது அந்தத் தலைமை நர்சின் முடிவு. கட்டு அவிழ்ந்த இரவில் அப்பா அதற்கு முன் இருந்ததைவிடக் குறைவாகத்தான் முரண்டினார்.

வெள்ளிக்கிழமை அவர் அமைதியாகிவிட்டார். கூப்பிட்டால் மட்டும் கண் திறந்தார், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொன்னார், உணவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். அப்பாடா என்று நாங்கள் மூச்சுவிட்டபோது மயக்க மருத்துவர் தலையை ஆட்டினார். குழப்பத்தின் இன்னொரு முகம் இது; கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள், சுருண்டு கிடப்பவரை "நல்லாத் தூங்குறார்" என்று விட்டுவிடுவார்கள் என்றார். பகலில் தூங்க விடாமல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சன்னல் பக்கப் படுக்கைக்கு மாற்றினார்கள். ஆடி மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் விளக்கைக் குறைத்து, அவசரமில்லாத ஊசிகளைக் காலைக்குத் தள்ளிவைத்தார்கள். நான் காலையும் மாலையும் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். வெள்ளியன்று, "ஞாயிறு, சனி, வெள்ளி, சம்பளம்" என்று நின்றுவிட்டார். சனி மாலை ஏழும் வரிசையாக வந்தன. ஞாயிறு காலையில் என்னைப் பார்த்ததும், "பள்ளிக்கூடம் போகலையா தாயி?" என்று கேட்டார்.

எல்லாக் குழப்பத்தையும் இதுதான் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சு குழறுதல், எழுப்பியும் எழாத மயக்கம் ஆகியவை பக்கவாதமாக இருக்கலாம். இதய அறுவைக்குப் பின் அதுவும் நேரக்கூடியதே. அப்படி ஒன்றைக் கண்டால் பார்வை நேரம் வரும்வரை காத்திராமல் உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தபின் திடீரென்று குழம்பினாலும், காய்ச்சலோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தாலும் அதேதான். தூக்கம் வரவில்லை என்று கடையில் தூக்க மாத்திரையோ, சளிக்கு அரிப்புக்கு என்று விற்கும் மாத்திரைகளோ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் பலவும் வயதானவர்களின் புத்தியை மங்க வைக்கும்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மாலை ஆறு மணியானால் இரண்டு வாரம் வரை அப்பாவுக்கு ஒரு தடுமாற்றம் இருந்தது; கணக்கு பார்ப்பதில் ஒன்றிரண்டு மாதம் வரை தயக்கம் இருந்தது. நோட்டில் அந்த நாட்களைப் பற்றி நான் எழுதியிருந்ததை அவரே கேட்டதால் படித்துக் காட்டினேன். பாதியை அவர் நினைவில் வைத்திருந்தார், அதுவும் நடந்ததாகவே. ஒரு படகில் தம்மைக் கட்டிவைத்திருந்தார்கள் என்று சொல்லும்போது இப்போதும் அவர் குரல் தாழ்கிறது. கட்டிலை ஆட்டி ஆட்டி நகர்த்தினார்கள் அப்பா, அதுவாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். பிறகு, "அந்த நர்சுப் பிள்ளையை நான் ஏசினேனா?" என்று கேட்டார். ஏசினார், வாய் கூசும் சொற்களால். குழப்பத்தில் வந்த பேச்சுக்கு யாரும் வருத்தப்பட மாட்டார்கள் என்றேன். அவருக்கு ஒப்பவில்லை.

ஆறாம் வாரம் பரிசோதனைக்குப் போனபோது அரைக் கிலோ தேயிலைத் தூளைத் தாமே தேர்ந்தெடுத்துக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அரை மணி நேரம் நின்றோம். அந்தப் பெண்ணுக்கு அன்று இரவுப் பணியாம். பொட்டலத்தைக் காவலரிடம் கொடுத்து, இரண்டு முறை பெயரைச் சொல்லி, குமுளிப் பேருந்தைப் பிடித்தோம்.